டி.வி. ரெக்கார்டர் வாங்கப் போகிறீர்களா? 'பெட்டி உங்களுடையது, சாவி கம்பெனியுடையது!'

ராத்திரி 8 மணி. ஒரு சானலில் சீரியல். இன்னொரு சானலில் கிரிக்கெட். வீட்டில் டெலிவிஷன் ஒன்றே ஒன்று. மாமியார் ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம். ரிமோட்டுக்கு அடிதடி!

இந்தச் சண்டைக்கு மருந்து என்று சொல்லித்தான் 'ரெக்கார்டர்' வசதி உள்ள செட்-டாப் பாக்ஸ்களை விற்கிறார்கள். ஒன்றைப் பார்க்கலாம், மற்றதைப் பதிவு செய்து பிறகு பார்க்கலாம் என்கிறார்கள்.

சொல்வது உண்மைதான். ஆனால் சொல்லாமல் விடுவதும் உண்டு. பதிவு செய்தது யாருக்குச் சொந்தம்? பெட்டி கெட்டுப் போனால் என்ன ஆகும்? இதைக் கேட்காமல் பணத்தைக் கொடுத்து விட்டுப் பிறகு கையைப் பிசைகிறார்கள்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

'டெக்' காலம்

1980-களில் வீட்டில் 'டெக்' இருந்தால் அவர் பெரிய மனிதர். பர்மா பஜாரில் தேடிப் பிடித்து வாங்குவார்கள். வாங்க முடியாதவர்கள் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்பார்கள்.

அந்த டெக்கில் ஒரு சௌகரியம் இருந்தது. டெலிவிஷனில் வருவதை கேசட்டில் பிடித்தால் கேசட் உங்களுடையது. பக்கத்து வீட்டு டெக்கிலும் போடலாம். ஊருக்கு எடுத்துப் போய் தங்கை வீட்டிலும் போடலாம்.

இப்போது வரும் பெட்டி அப்படி அல்ல. படம் பளிச்சென்று இருக்கும். கேசட் சிக்காது. ஆனால் பதிவுக்குப் பூட்டு உண்டு.

பூட்டும் சாவியும்

கேபிளிலும் டிஷ்சிலும் வரும் கட்டணச் சானல்கள் பூட்டித்தான் வருகின்றன. உங்கள் பெட்டியில் உள்ள கார்டு அல்லது 'சிப்' அந்தப் பூட்டைத் திறக்கிறது. சந்தா கட்டியவருக்குத் திறக்கும். கட்டாதவருக்குத் திறக்காது.

பதிவு செய்யும்போது பெட்டி என்ன செய்கிறது? நிகழ்ச்சியை மறுபடியும் பூட்டி உள்ளே வைக்கிறது. அந்தப் பூட்டுக்கு அந்த ஒரு பெட்டியிடம்தான் சாவி உண்டு. பென்-டிரைவில் பதிவு செய்தாலும் பெரும்பாலான பெட்டிகளில் இதே கதைதான். பிடுங்கி கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. அடுத்த வீட்டுப் பெட்டியிலும் ஓடாது.

சந்தா கட்டாமல் விட்டால் பழைய பதிவும் ஓடாத பெட்டிகள் பல உண்டு.

ஒரு வீட்டுப் பெண் டெலிவிஷன் பாட்டுப் போட்டியில் பாடுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். குடும்பமே உட்கார்ந்து ரெக்கார்டு செய்கிறது. ஆறு மாதம் கழித்துப் பெட்டி மக்கர் செய்கிறது. மெக்கானிக் வருகிறார். பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி விட்டுப் போகிறார். பழைய பெட்டியோடு பாட்டும் போச்சு! அழுதாலும் திரும்பாது.

சட்டம் என்ன சொல்கிறது?

'வீட்டில் ரெக்கார்டு செய்தால் போலீஸ் பிடிக்குமா?' என்று சிலருக்குப் பயம். பயம் வேண்டாம்.

அமெரிக்காவில் இதற்குப் பெரிய வழக்கே நடந்தது. 'பீட்டாமேக்ஸ்' டெக் தயாரித்த சோனி கம்பெனி மீது யுனிவர்சல், டிஸ்னி படக் கம்பெனிகள் 1976-ல் வழக்குப் போட்டன. 1984 ஜனவரி 17-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றம் அல்ல என்றது. 9 நீதிபதிகளில் 5 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம். ஒரே ஓட்டில் தப்பியது டெக்!

நம் நாட்டில் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒளிபரப்பைத் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்து கொள்வது உரிமை மீறல் ஆகாது என்று அதன் 39-வது பிரிவு சொல்கிறது.

ஆனால் 'சொந்த உபயோகம்' என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவு செய்த மேட்சை ஊரைக் கூட்டி, காசு வாங்கிக் காட்டினால் தப்பு. காப்பி போட்டு விற்றாலும் தப்பு. 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயில் தண்டனைக்கு இடம் உண்டு. அபராதம் 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2004-ல் குண்டர் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வி.சி.டி. ஆசாமிகளையும் அதில் சேர்த்தார்கள்.

ஆக, வீட்டுக்காரருக்குச் சட்டம் தடை போடவில்லை. தடை போடுவது பெட்டியின் பூட்டுதான்!

ஆளுக்கு ஒரு பெட்டி

சென்னைக்கு செட்-டாப் பாக்ஸ் புதிது அல்ல. 2003 செப்டம்பரிலேயே கட்டணச் சானலுக்குப் பெட்டி வைக்கும் திட்டம் இங்கே வந்து விட்டது. அன்று முதல் இன்று வரை ஒரு தலைவலி தீரவில்லை. ஒரு கம்பெனியின் பெட்டி இன்னொரு கம்பெனிக்கு ஒத்து வராது. கம்பெனியை மாற்றினால் பெட்டியையும் மாற்ற வேண்டும். பதிவுகளை விட்டுவிட வேண்டும்.

எந்தப் பெட்டியையும் எந்தக் கம்பெனிக்கும் உபயோகிக்கும்படி செய்ய வேண்டும் என்று 2020 ஏப்ரலில் 'டிராய்' அமைப்பு மத்திய அரசுக்குப் பரிந்துரை செய்தது. பரிந்துரை பேப்பரில் இருக்கிறது. கடைக்குப் போனால் கம்பெனிக்கு ஒரு பெட்டிதான்.

கடையில் கேட்க வேண்டியது

கடைக்காரர் 'எல்லாம் ஆகும் சார்' என்பார். விடாதீர்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. ட்யூனர் எத்தனை? பெட்டிக்குள் சானலைப் பிடிக்கும் உறுப்பு இது. இரண்டு இருந்தால்தான் ஒன்றைப் பார்த்துக் கொண்டே இன்னொன்றைப் பதிவு செய்யலாம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். ஒன்று மட்டும் இருந்தால், பதிவு ஆகும் சானலைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டி வரும். மாமியார் - பேரன் சண்டை தீராது!

2. இடம் எவ்வளவு? துல்லியமான எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 3½ ஜி.பி. பிடிக்கும். சாதாரணப் படம் சுமார் 1 ஜி.பி. 32 ஜி.பி. பென்-டிரைவில் எச்.டி. படம் 8, 9 மணி நேரம்தான். தினம் அரை மணி, வாரம் 6 நாள் வரும் சீரியல் மூன்றைப் பிடித்தால் ஒரே வாரத்தில் நிரம்பி விடும். 500 ஜி.பி. 'ஹார்டு டிஸ்க்' உள்ள பெட்டி என்றால் 100 மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

3. பெட்டி விலைக்கா, வாடகைக்கா? வாடகைப் பெட்டி கம்பெனியின் சொத்து. திருப்பிக் கேட்டால் கொடுக்க வேண்டும். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

4. பழுதானால் இதையே சரி செய்வீர்களா, வேறு கொடுப்பீர்களா? வேறு கொடுத்தால் பதிவுகள் அம்பேல்.

5. பென்-டிரைவில் பிடித்தது வேறு இடத்தில் ஓடுமா? வாயால் சொன்னால் போதாது. கடையிலேயே இரண்டு நிமிஷம் பதிவு செய்து, இன்னொரு டெலிவிஷனில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். குட்டு வெளிப்பட்டு விடும்.

உஷார்!

பென்-டிரைவைச் செருகியதும் 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று பெட்டி கேட்கும். 'சரி' என்று அமுக்கினால் அதில் உள்ளது அத்தனையும் அழிந்து விடும். கல்யாணப் போட்டோ உள்ள டிரைவைச் செருகாதீர்கள். பதிவுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக் கொள்ளுங்கள்.

ராத்திரி படுக்கும்போது சுவிட்சை அணைப்பது நம் வீட்டு வழக்கம். சுவிட்சை அணைத்தால் பெட்டி தூங்காது, செத்து விடும்! நேரம் குறித்து வைத்த பதிவு நடக்காது. கரண்ட் போனாலும் அதே கதி. சுவிட்சைப் போட்டே வைத்தால் மீட்டர் ஓடும். 15 வாட் இழுக்கும் பெட்டிக்கு மாதம் சுமார் 11 யூனிட். இரண்டு மாத பில்லில் 22 யூனிட். ஓரத்தில் நிற்கும் வீட்டுக்கு இதுவே அடுத்த கட்டணத்துக்குத் தள்ளி விடும்.

'செகண்ட் ஹேண்ட்' பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அது வேறொருவர் பெயரில் பதிவான பெட்டியாக இருக்கலாம். உயிர் கொடுக்க மாட்டார்கள். அரசு கேபிள் பெட்டியை யாராவது விற்க வந்தால் வாங்கவே கூடாது. அது அரசு நிறுவனத்தின் சொத்து.

யாருக்கு எது?

வீட்டில் ஆள் அதிகம், டெலிவிஷன் ஒன்று என்றால் இரண்டு ட்யூனர், ஹார்டு டிஸ்க் உள்ள பெட்டி. விலை கூடத்தான். ஆனால் சண்டை தீரும்.

எப்போதோ ஒரு மேட்ச், ஒரு படம் என்றால் பென்-டிரைவ் பெட்டி போதும்.

விட்டுப்போன சீரியலை மறுநாள் பார்த்தால் போதும் என்பவருக்கு ரெக்கார்டரே வேண்டாம். சானல்களின் செல்போன் ஆப்பில் இருக்கிறது. நெட் கட்டணத்தை மட்டும் கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

காலத்துக்கும் வைத்துக் கொள்ள வேண்டும் என்பவர் தூர்தர்ஷனின் இலவச டிஷ் பக்கம் பார்க்கலாம். மாதச் சந்தா இல்லை. இதற்காக விற்கும் இலவசப் பெட்டிகள் பலவற்றில் பதிவுக்குப் பூட்டும் இல்லை. 'டி.டி. தமிழ்' வரும். ஆனால் நீங்கள் பார்க்கும் தனியார் சீரியல் எல்லாம் அதில் வரும் என்று நினைக்க வேண்டாம்.

மற்றபடி எந்த ரெக்கார்டரும் பீரோ அல்ல. வாடகை லாக்கர் மாதிரி. இன்று பிடித்து நாளை பார்ப்பதற்குத்தான் அது. வீட்டுப் பிள்ளை டெலிவிஷனில் வந்தால் அந்தச் சானலிடமே காப்பி கேட்டு வாங்கி வையுங்கள். பெட்டியை நம்பாதீர்கள்!