தாத்தாவின் மிதிவண்டியும் இத்தாலிய மலைக்காடும்

“சைக்கிள் மிதிக்கவா இவ்வளவு காசு கட்டி இத்தாலிக்குப் போற? உங்க தாத்தா ஆயுசு முழுக்கச் சும்மாவே மிதிச்சாரே!”

2023ஆம் ஆண்டு அக்டோபரில் நான் புறப்பட்டபோது அப்பா கேட்ட கேள்வி இது. கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேலிக்குள் ஒரு வலி இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. தோட்டத்தில் பிறந்து, மிதிவண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும், அதிலிருந்து காருக்கும் ஏறி வந்த தலைமுறை அவருடையது. மகன் மறுபடியும் மிதிவண்டியில் ஏறுகிறான் என்றால், அதுவும் பணம் செலவழித்து ஏறுகிறான் என்றால், அவருக்கு எப்படிப் புரியும்?

நான் சென்ற இடத்தின் பெயர் கசெந்தீனோ. ஃப்ளாரன்ஸ் நகருக்குக் கிழக்கே, அர்னோ ஆறு பிறக்கும் ஃபால்தெரோனா மலையின் அடிவாரத்தில் உள்ள பள்ளத்தாக்கு. சுற்றுலா நிறுவனங்களின் ‘பத்து நாளில் ஐரோப்பா’ பட்டியலில் இந்தப் பெயரைப் பார்க்க முடியாது. அரெட்ஸோ நகரிலிருந்து சிறிய ரயில் ஒன்று பள்ளத்தாக்கின் உள்ளே போகிறது. போப்பி என்ற ஊரில் இறங்கி, பக்கப் பைகளை மாட்டிக்கொண்டு கமால்தோலி மடத்தை நோக்கி மிதிக்கத் தொடங்கினேன்.

போப்பி சுமார் 440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மடம் 800 மீட்டருக்கும் மேலே. அதற்கும் மேலே துறவிகளின் தனிக்குடில்கள் இருக்கும் இடம் 1,100 மீட்டர். வரைபடத்தில் பார்க்கும்போது ஒரு விரல் நீளம்தான். ஏறும்போதுதான் தெரியும். கடைசி மேட்டில் ஆகக் குறைந்த கியரும் கைகொடுக்கவில்லை. இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். அதில் எனக்கு வெட்கமில்லை. காரில் போனால் காடு ஒரு பச்சைச் சுவர். மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு போனால்தான் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிகிறது. கீழே கஷ்கொட்டை மரங்கள், மேலே பீச் மரங்கள், மடத்தைச் சுற்றி வரிசை பிடித்து நிற்கும் வெள்ளை ஃபர் மரங்கள்.

அந்த வரிசைதான் என்னை முதலில் நிற்க வைத்தது. இயற்கை வரிசையாக மரம் நடாது. வரிசையைக் கண்டால் அங்கே ஒரு மனிதக் கை இருந்திருக்கிறது என்று பொருள். பால்மரக் காட்டில் நிரைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களின் பேரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கமால்தோலி மடம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ரொமுவால்டால் நிறுவப்பட்டது. அங்கிருந்த துறவிகள் பல நூற்றாண்டுகள் காட்டைப் பராமரித்தார்கள். 1520இல் அச்சிட்ட தங்கள் மடத்து விதிகளில், பிரார்த்தனைக்கும் நோன்புக்கும் இடம் தந்ததுபோல் மரத்துக்கும் இடம் தந்தார்கள். நினைத்தபடி வெட்டக்கூடாது, ஆண்டுதோறும் புதிய கன்றுகள் நட வேண்டும் என்பது விதி. இந்தப் பள்ளத்தாக்கின் ஃபர் மரங்கள் எருதுகளால் இழுக்கப்பட்டு, அர்னோ ஆற்றில் மிதந்து ஃப்ளாரன்ஸ் போய்ச் சேர்ந்தன. அந்நகரின் பேராலயத்தைக் கட்டிய அமைப்பிடமே இங்குள்ள காட்டின் பெரும்பகுதி நூற்றாண்டுக் கணக்கில் இருந்தது. 1866க்குப் பிறகு மடத்துக் காடு அரசின் கைக்குப் போனது. 1959இல் மலையின் மறுபக்கத்தில் உள்ள சாஸ்ஸோ ஃபிராத்தீனோ என்ற பகுதி, மனிதர் நுழையக்கூடாத காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இத்தாலியில் இத்தகைய முதல் காப்பகம் அதுவே. 1993இல் ஏறக்குறைய 36,000 ஹெக்டர் பரப்பில் தேசியப் பூங்கா அமைந்தது. 2017இல் அங்குள்ள பழைமையான பீச் காடுகள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

சரி, இதெல்லாம் மடத்தின் வரலாறு, அரசின் வரலாறு. எழுதத் தெரிந்தவர்கள் எழுதி வைத்தார்கள். எழுதத் தெரியாதவர்களின் வரலாறு எங்கே?

அதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். மறுநாள் ஒரு காட்டுப் பாதையில் மூச்சு வாங்க இடம் தேடினேன். சரிவின் நடுவே வட்டமாகச் சமன் செய்த ஒரு சிறு தளம் இருந்தது. வண்டியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். சருகைக் காலால் விலக்கியபோது அடியில் மண் கன்னங்கரேலென்று இருந்தது. மற்ற இடங்களில் மண் பழுப்பு நிறம். இங்கே மட்டும் கறுப்பு. அன்று மாலை தங்கிய வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “கரி சுட்ட இடம். என் அப்பா அந்த வேலைதான் செய்தார்” என்றார்.

கரி சுடுபவர்கள் விறகைக் குவிமாடம்போல் அடுக்குவார்கள். மேலே இலையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைப்பார்கள். அது நாட்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். எங்காவது மண் பிளந்து காற்றுப் புகுந்தால் மொத்தமும் எரிந்து சாம்பலாகிவிடும். எனவே இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும். குடும்பத்தோடு அங்கேயே மண்ணாலும் கிளைகளாலும் குடிசை கட்டிக்கொண்டு வாழ்வார்கள். குளிர்காலத்தில் மலையை விட்டு மரெம்மா என்ற கடலோரச் சமவெளிக்கு வேலை தேடிப் போவார்கள். அந்தச் சதுப்பு நிலத்தில் மலேரியா பலரைக் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எரிவாயு வந்தது. தொழில் அழிந்தது. பிள்ளைகள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள்.

நண்பர்களே, இந்தக் கதையை வேறு பெயர்களோடு நாம் கேட்டதில்லையா? நம் முன்னோரும் காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள்தாம். அவர்களையும் மலேரியா கொண்டுபோனது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, நிரை பிடித்து, மங்குகளில் பால் சேர்த்து, காண்டா தோளில் அழுந்தச் சுமந்தவர்கள். பின்னர் செம்பனை வந்தது. அதன் பின் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயம் இருந்த இடத்தில் இன்று பேரங்காடி நிற்கிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கசெந்தீனோவில் சேத்திகா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கரி சுட்டவர்களுக்காக ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். ரஜ்ஜோலோ என்ற மற்றொரு சிற்றூரில், ஏழைகளின் உணவாக இருந்த கஷ்கொட்டைக்கு ஒன்று. பள்ளத்தாக்கு முழுவதும் இப்படிச் சின்னச் சின்னக் காட்சியகங்கள். பளிங்குக் கட்டடங்கள் அல்ல. பழைய கருவிகள், பழைய படங்கள், பழைய சொற்கள். அரசர்களையும் ஓவியர்களையும் பெற்ற நாடு, கரி படிந்த கைகளையும் மறக்கவில்லை.

எதையும் மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. காட்சியகம் வைத்ததால் அந்த ஊர்களுக்கு இளைஞர்கள் திரும்பி வந்துவிடவில்லை. நான் மிதித்துச் சென்ற மலையூர்கள் பலவற்றில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நினைவு ஓர் ஊரை வாழவைத்துவிடாது. ஆனாலும் அந்தப் பெரியவர் “என் அப்பா கரி சுட்டார்” என்று தலைநிமிர்ந்து சொன்னார். நம்மில் எத்தனை பேர், பல்கலைக்கழக அறிமுக வாரத்தில், “என் பாட்டி பால் வெட்டினார்” என்று அப்படிச் சொல்லியிருக்கிறோம்? நான் சொன்னதில்லை. ‘தோட்டத்தான்’ என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. என் அம்மாவே சொல்வார்: “ஒட்டுப்பால் நாத்தம் ஒனக்குத் தெரியுமா? அத எதுக்குக் கிளறணும்? படிச்சிட்டீங்க, நல்லா இருங்க.” இந்த மறுப்பை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். துன்பத்தைத் தாங்கியவர்களுக்கு அதை மறக்கவும் உரிமை உண்டு. நான் பொழுதுபோக்காக மிதிப்பதே, தாத்தா வயிற்றுக்காக மிதித்ததால்தான். ஆனால் மறக்கும் உரிமை அவர்களுடையது, நம்முடையது அல்ல. அனுபவிக்காத நாம் மறப்பதற்குப் பெயர் மறதி அல்ல, அறியாமை. நமக்குத் தெரியாத ஒன்றை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லப்போகிறோம்?

நம் தமிழ்மொழிக் கழகங்கள் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகின்றன, சொற்போர் நடத்துகின்றன. நடத்தட்டும். அவற்றோடு இன்னும் ஒரு வேலையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஒவ்வோர் உறுப்பினரும் விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது, தோட்டத்தில் வேலை செய்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசட்டும். கைப்பேசியில் பதிவு செய்யட்டும். உளியை எப்படிப் பிடித்தார்கள், மழை பெய்தால் கூலி என்னவாயிற்று, எந்தக் கோயில் திருவிழா, எந்த லயம் என்று கேட்கட்டும். பெரட்டு, காண்டா, மங்கு போன்ற சொற்களை அவற்றின் பொருளோடு எழுதி வைக்கட்டும். இந்த ஆண்டிதழிலேயே சில பக்கங்களை அதற்கு ஒதுக்கலாம். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. ஆனால் காலம் குறைவு. பேசக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

கடைசி நாள் மலையிலிருந்து இறங்கினேன். இரண்டு நாள் ஏறியதை ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டேன். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்துப்போனது. மூன்று தலைமுறை ஏறியதை ஒரே தலைமுறையில் மறந்துவிடுவதும் இவ்வளவு எளிதுதான் என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும் அப்பாவுக்குப் படங்களைக் காட்டினேன். மடத்தையும் காட்டையும் வேகமாகத் தள்ளினார். கறுப்பு மண் படத்தில் நின்றார். கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே பேசினார்: “உங்க தாத்தா சைக்கிள்ல முன்னாடி பாரில்தான் நான் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவேன். மூணு மைல். மேடு வந்தா இறங்கித் தள்ளுவாரு. என்னை மட்டும் இறங்க விடமாட்டாரு.”

இது எனக்குத் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வீட்டில் வாழ்ந்தும் நான் கேட்டதில்லை. அன்றுதான் கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்யத் தொடங்கினேன். நீங்கள் அதற்காக இத்தாலி வரை போக வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போங்கள். போய்க் கேளுங்கள்.