உடன்குடி கருப்பட்டி: புவிசார் குறியீடு கிடைச்சாச்சு... பனையேறிக்கு நியாயமான விலை கிடைக்குமா?

தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது உடன்குடி. இந்த ஊர் என்றாலே கருப்பட்டிதான். 2023-ல் உடன்குடி பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும், இந்தப் பெயரில் விற்பதெல்லாம் பனையில் இருந்து வந்ததுதானா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை. இதில் நஷ்டம் யாருக்கு?

ஒரு கருப்பட்டிக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு?

சீசன் வருஷத்துக்குச் சில மாதங்கள்தான். அந்த நாட்களில் பனையேறி தினமும் காலை, மாலை மரம் ஏறி பாளையைச் சீவணும். பதநீர் புளிக்காமல் இருக்க கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். இறக்கிய பதநீரைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் மணிக்கணக்கில் காய்ச்சி, பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். இந்த உழைப்போடு விறகுச் செலவும் சேர்ந்ததுதான் கருப்பட்டியின் அசல் விலை.

கலப்படம் எங்கே நுழைகிறது?

சீனி விலை இதைவிட ரொம்பக் குறைவு. மரம் ஏற வேண்டாம், சீசனுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அதனால் சீனிப்பாகு கலந்த 'கருப்பட்டி' சந்தைக்கு வருகிறது. அசல் சரக்கு செய்பவர் அந்த மலிவு விலையோடு போட்டி போட வேண்டிய நிலை.

இன்னொரு சிக்கல் முன்பணம். சீசனுக்கு முன்பே வியாபாரியிடம் பணம் வாங்கிவிட்டால், சரக்கை அவரிடமே கொடுக்கணும். விலையைப் பேசும் பலம் அப்போதே கையை விட்டுப் போய்விடுகிறது.

புவிசார் குறியீடு போதாதா?

போதாது. 1999-ம் ஆண்டு சட்டப்படி, இந்தக் குறியீடு தனி நபருக்குக் கிடைக்காது. தயாரிப்பாளர்களின் நலனைப் பிரதிநிதித்துவப்படுத்தும் சங்கம், அமைப்பு அல்லது சட்டப்படி அமைந்த ஆணையத்தின் பெயரில்தான் பதிவாகும். தயாரிப்பவர்கள் தனித்தனியாக 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்றும் பதிவு செய்யணும். முக்கியமான விஷயம், குறியீடு ஊரின் பெயரைத்தான் காப்பாற்றும். கொள்முதல் விலையை நிர்ணயிக்காது.

அந்த இடைவெளியை நிரப்புவதுதான் 'நியாய வணிகம்'. உற்பத்திச் செலவுக்குக் குறையாத விலை, சரக்கு வாங்கும் முன்பே கடன் வசதி, ஊரின் பொது வேலைகளுக்குத் தனித் தொகை. இவைதான் அதன் அடிப்படை.

அரசு என்ன செய்தது?

2021 ஆகஸ்டில் தாக்கலான தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம், ரேஷன் கடைகளில் பனைவெல்லம் விற்பனை என அறிவிப்புகள் வந்தன. கடைக்கு வரும் சரக்கு பனையேறிகளின் கூட்டுறவு சங்கங்களிடம் இருந்து நேரடியாக வந்தால்தான் லாபம் அவர்கள் கைக்குப் போகும்.

வாங்குபவர் என்ன பார்க்கணும்?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீங்க. சீனி விலையை ஒட்டி விற்றால் சந்தேகப்படுங்க. தயாரித்தவர் யார், குறியீட்டு முத்திரை இருக்கிறதா என்று கேளுங்க. அசலுக்குக் கேட்கும் விலையைக் கொடுக்க ஆள் இல்லை என்றால், அடுத்த சீசனில் மரம் ஏறவும் ஆள் இருக்காது.