ஊஞ்சலுக்கு முன்னால் தரையைப் பாருங்க!

"லீவு விட்டாச்சு, ஊஞ்சல் கட்டிக் கொடுங்கப்பா!" என்று பிள்ளைகள் கேட்டதும், பல அப்பாக்கள் முதலில் தேடுவது கயிற்றைத்தான். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது தரையை. சிமென்ட் தளத்திலோ இறுகிய மண்ணிலோ தலை மோதினால், சின்ன உயரம்கூட பெரிய காயமாகிவிடும்.

தாழ்வான குழந்தை ஊஞ்சல் என்றால் மணல் போதும். உயரமானது என்றால் மரச்சில்லுகள் நல்லது. எதுவானாலும் 9 அங்குல ஆழத்துக்குக் குறையக் கூடாது என்கிறது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேடு. மிதிபட மிதிபட அது அமுங்கும். அவ்வப்போது கிளறிவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள்.

பக்கவாட்டில் 6 அடி காலியாக இருக்கட்டும். முன்னும் பின்னும், கட்டிய உயரத்தைப்போல இரு மடங்கு இடம் வேண்டும். 6 அடி உயரத்தில் கட்டினால், சுவர், துவைக்கிற கல், கிணற்று மேடை எதுவும் 12 அடிக்குள் வரக் கூடாது.

முருங்கைக் கிளை பொசுக்கென்று முறியும், வேண்டவே வேண்டாம். வேம்பு, புளி என்றாலும் காய்ந்த கிளையா என்று பாருங்கள். துப்பட்டாவைக் கழற்றிவிட்டு ஆடச் சொல்லுங்கள். கயிற்றில் சிக்கினால் கழுத்தை இறுக்கும்.

எல்லாம் முடிந்ததா? முதல் ஆட்டம் அப்பாவுக்கு. அவர் எடையைத் தாங்கினால், அப்புறம் பிள்ளைகள் ஏறட்டும்!