தோற்றது பிள்ளையா?

நேற்றுவரை துள்ளிச் சென்ற 13 வயதுப் பிள்ளை, இன்று பள்ளி மணி அடிக்குமுன் வயிற்றுவலி என்கிறான். மதிப்பெண் அட்டையை ஒளிக்கிறான். கடைசி வரிசையைத் தேடுகிறான். சோம்பலா அது? அன்று! பாடம் விளங்கவில்லை என்று சொல்ல அஞ்சுவோனின் மௌன முறையீடு!

எட்டாம் வகுப்பு முடியும்வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். 2019இல் அதைத் திருத்தி, மறுதேர்விலும் தவறினால் ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழி திறந்தது மத்திய அரசு. நோயை அறியாது நோயாளியைத் தண்டிப்பதா மருத்துவம்? எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க யார் உளர்? நிறுத்திவைத்தால் அவனை அழைத்துக்கொள்ளப் பட்டறை காத்திருக்கிறது!

பெற்றோரே, பிரம்பை எடுக்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஆள்வோரே, வடிகட்டுவதை விடுத்து, வகுப்புக்கு ஆசிரியரைத் தாருங்கள்!