மூன்று துளைகள் சான்றாகுமா?

அமெரிக்காவில் துல்லியச் சுடுதலில் ஈடுபடும் ரைஃபிள் போட்டியாளர்கள் பலர் தமக்கு வேண்டிய தோட்டாக்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றனர். சுட்டு முடித்த பித்தளை உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரைப் பொருத்தி, எடையிட்ட மருந்தை நிரப்பி, இறுதியாகக் குண்டை உறையின் கழுத்துக்குள் அழுத்தி அமர்த்துகின்றனர். அந்தக் குண்டை எவ்வளவு ஆழத்தில் அமர்த்துவது என்ற கேள்வியைச் சுற்றி ஒரு முழு நம்பிக்கை மரபே வளர்ந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதைக் கவனிக்கத் தக்க காரணம் உண்டு. சிறிய மாதிரியிலிருந்து பெரிய முடிவுக்குத் தாவும் பழக்கத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது.

முதலில், ஆழம் ஒரு பொருட்டே அன்று என எவரும் முடிவுகட்டிவிடலாகாது. உறையை விட்டுப் புறப்படும் குண்டு, குழலின் சுழல்வரிகளைத் தொடுமுன் ஒரு சிறு இடைவெளியைக் கடக்கிறது. குண்டை ஆழமாக அமர்த்தினால் அந்த இடைவெளி கூடுகிறது. அதே வேளையில் உறைக்குள் மருந்து எரிவதற்கான இடம் குறைகிறது. குண்டு வரிகளைத் தொட்டபடியே நின்றால், தடையின்றி ஓடத் தொடங்கும் வாய்ப்பை இழக்கிறது, அழுத்தம் உயர்கிறது. சிறிய கைத்துப்பாக்கி உறைகளிலோ, அளவுக்கு மீறி ஆழ்த்துவதே அழுத்தத்தைக் கடுமையாக உயர்த்திவிடும். .308 வின்செஸ்டர் தோட்டாவின் மொத்த நீளம் 2.810 அங்குலத்தைத் தாண்டலாகாது என அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு வரையறுத்திருப்பது போன்ற வரம்புகள், எவருடைய தோட்டாவும் எவருடைய துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்ற நோக்கில் எழுந்தவை. இவையெல்லாம் இயற்பியல், ஐயத்துக்கு இடமில்லை.

ஐயம் எழுவது அடுத்த படியில். ஆழத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிமன் அளவு, மாற்றிக்கொண்டே போனால், ஏதோ ஓர் ஆழத்தில் குண்டுகள் திடீரென நெருங்கி விழும் என்பது நம்பிக்கை. வழக்கமான சோதனை எளியது. பத்து ஆழங்கள்; ஆழத்துக்கு மூன்று தோட்டாக்கள். இலக்குத் தாளில் மூன்று துளைகளும் எந்த ஆழத்தில் மிக நெருங்கி விழுந்தனவோ, அதுவே அந்தத் துப்பாக்கிக்கு உரிய ஆழம் என முடிவாகிறது.

இந்த முடிவின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். துளைகள் இரு திசைகளிலும் இயல்நிலைப் பரவலின்படி சிதறுகின்றன என்று கொள்வோர், மூன்று துளைகளுக்கிடையிலான மிகப் பெரிய தூரத்தின் திட்ட விலக்கம் அதன் சராசரியில் ஏறத்தாழ 37 விழுக்காடு என்பதைக் காண்பர். சராசரி ஓர் அங்குலமானால், எதையும் மாற்றாமலே 0.6 அங்குலமும் 1.4 அங்குலமும் அடுத்தடுத்துத் தோன்றுவது இயல்பு. ஒரே ஆழத்தில் தயாரித்த முப்பது தோட்டாக்களைப் பத்துத் தொகுதிகளாகச் சுட்டாலும், மிகப் பெரிய தொகுதி மிகச் சிறியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருப்பது வியப்பன்று. கணினியில் சில வரிகள் எழுதத் தெரிந்த எந்த மாணவரும் இதைச் சில நிமிடங்களில் சரிபார்க்கலாம். இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஃபிராங்க் கிரப்ஸ் என்ற புள்ளியியலாளர் ரைஃபிள் வீரர்களுக்கும் ஏவுகணைப் பொறியாளர்களுக்குமான துல்லிய அளவுகள் குறித்து 1964இலேயே விரிவாக எழுதிவிட்டார்.

பத்தில் மிகச் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் செயலே, குருட்டுவாய்ப்பு மிகுதியாகக் கைகொடுத்த தொகுதியைத் தேர்ந்தெடுக்கும் செயலாகிவிடுகிறது. மறுவாரம் அதே ஆழத்தில் சுடும்போது துளைகள் மீண்டும் சராசரிக்குத் திரும்புகின்றன. அப்போது பழி காற்றின்மீதோ வெப்பநிலையின்மீதோ சுட்டவரின் தோளின்மீதோ விழுகிறது. தேர்வு முறை மட்டும் குற்றம் சாட்டப்படுவதே இல்லை.

சரியாகச் சோதிப்பதற்கும் விலை உண்டு. இரண்டு ஆழங்களின் சிதறலில் 10 விழுக்காட்டு வேறுபாட்டை ஓரளவு உறுதியோடு பிரித்தறிய, ஒவ்வோர் ஆழத்துக்கும் 200 தோட்டாக்கள் அளவில் தேவைப்படும். பத்து ஆழங்களுக்கு 2000. ஆனால் ஒவ்வொரு சுடுதலிலும் கொதிக்கும் வாயு குழலின் தொண்டைப்பகுதியை அரிக்கிறது. சுழல்வரிகளின் தொடக்கம் முன்னோக்கி நகர்கிறது. சோதனை முடியும்போது, தொடங்கிய துப்பாக்கியே மாறிப்போயிருக்கும். அளக்கும் செயலே அளவிடப்படும் பொருளைத் தேய்க்கிறது. ஆகவே, நுண்ணிய வேறுபாடுகளைத் தேடுவோர் தம்மால் எதை அறிய முடியாது என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதே நேர்மை.

இந்தச் சோதனையைச் செய்பவர்களே போட்டிகளில் வெல்கிறார்கள் என்ற மறுப்பு எழும். வெல்பவர்களிடம் சிறந்த குழல், சீரான குண்டுகள், காற்றைப் படிக்கும் பழகிய கண் ஆகியனவும் இருக்கின்றன. வெற்றியில் ஆழத் தேர்வின் பங்கு எவ்வளவு என்பதை வெற்றியே சொல்லிவிடாது. பெரிய வேறுபாடுகள் குறைந்த தோட்டாக்களிலும் தெரியும் என்பதும் உண்மையே. சிதறலை இரு மடங்காக்கும் ஆழத்தைக் கண்டறிய நூற்றுக்கணக்கில் சுட வேண்டியதில்லை. ஆகவே அகலமான இடைவெளிகளில் சில ஆழங்களை மட்டும் சோதித்து, மோசமானவற்றை நீக்கிவிட்டு நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. மயிரிழைக்கு மயிரிழை தேடுவது வேறு.

துப்பாக்கி ஆர்வலர்களைப் பார்த்து நகைக்கும் தகுதி பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிறதா என்பதே இங்கு எஞ்சும் கேள்வி. வேதியியல் கூடத்தில் வெப்பநிலை, அமிலத்தன்மை, நேரம் என ஒவ்வொன்றையும் மாற்றி, நிலைமைக்கு மூன்று முறை அளந்து, மிக உயர்ந்த விளைச்சலை உகந்த நிலை என்று எழுதும் ஆய்வேடும் இதே செயலைத்தான் செய்கிறது. அங்கும் அழகான ஒரு காரணவிளக்கம் உடனே கிடைத்துவிடும். ஆனால் பொருந்தும் விளக்கம் ஒன்று கைவசம் இருப்பது, விளக்க வேண்டிய நிகழ்வு உண்மையில் நடந்தது என்பதற்குச் சான்றாகாது. துப்பாக்கி ஆர்வலர் வீணாக்குவது தம் பணத்தை. ஆய்வேடு வீணாக்குவது அதை நம்பி அடுத்த ஆய்வைத் தொடங்கும் மாணவரின் ஆண்டுகளை.

ஆய்வுக் குழுக்கள் இரண்டே கேள்விகளைக் கட்டாயமாக்கினால் போதும். எத்தனை நிலைமைகளைச் சோதித்து இந்த ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது? தேர்ந்தெடுத்த பின், புதிய மாதிரிகளைக்கொண்டு அது மீண்டும் அளக்கப்பட்டதா? இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத உகந்த நிலை, தாளில் தற்செயலாக நெருங்கி விழுந்த மூன்று துளைகளுக்கு மேல் எதுவும் அன்று.