பாம்ப்லோனா போறீங்களா? சாயந்திரம் வரைக்கும் இருங்க

பிளேஸ்மென்ட் முடிஞ்ச எல்லா ஹாஸ்டல் ரூமிலும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். கோவா குரூப், லடாக் குரூப், கொஞ்சம் நல்ல பேக்கேஜ் வாங்கினவங்களுக்கு தாய்லாந்து குரூப். எங்க குரூப் பேரு 'பாம்ப்லோனா 4'. நாலு பேர், அடுத்த வருஷம் ஜூலை, ஸ்பெயின், மாட்டுக்கு முன்னாடி ஓடுறது. இதான் பிளான். ஐடியா எங்க இருந்து வந்ததுன்னு உங்களுக்கே தெரியும். 2011-ல வந்த 'ஜிந்தகி நா மிலேகி தொபாரா' படத்தை செமஸ்டருக்கு ஒரு தடவையாவது பார்க்காத ஹாஸ்டல் உண்டா?

எக்செல் ஷீட் போடுறது என் வேலை. அதனால நிறையப் படிச்சேன். நீங்களும் இந்த ஆசையில இருந்தா, முதல்ல அந்த விவரங்களை வாங்கிக்கோங்க. என் கருத்தைக் கடைசியில சொல்றேன்.

பாம்ப்லோனா, மாட்ரிட்டுக்கு வடக்கே சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துல இருக்குற ஊர். சான் ஃபெர்மின் திருவிழா ஜூலை 6 மதியம் ஆரம்பிச்சு 14 வரைக்கும் நடக்கும். ஓட்டம் 7-ஆம் தேதியில இருந்து தினமும் காலை 8 மணிக்கு. கட்டணம் கிடையாது, பதிவும் கிடையாது. 18 வயசு ஆகியிருக்கணும், குடிச்சிருக்கக் கூடாது, கையில போனோ கேமராவோ இருக்கக் கூடாது. ரீல்ஸ் எடுக்கத்தான் போறீங்கன்னா ஆசை இங்கேயே முடிஞ்சது.

ராக்கெட் வெடிச்சதும் கதவு திறக்கும். ஆறு சண்டைக் காளைகள், அதுங்களுக்கு வழி காட்ட மணி கட்டின காயடிச்ச மாடுகள். ஒவ்வொரு காளையும் 500 கிலோவுக்குக் கிட்ட. 875 மீட்டர் தெருவை ஏறக்குறைய இரண்டரை நிமிஷத்துல ஓடி முடிச்சிடும். கணக்குப் போட்டா மணிக்கு 21 கிலோமீட்டர். லேப்புக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்குற நாம அதோட 50 மீட்டர் ஓடினாலே பெரிய விஷயம். 1910-ல இருந்து இதுவரை 16 பேர் இறந்திருக்காங்க. 1995-ல இறந்த அமெரிக்கருக்கு வயசு 22. கீழே விழுந்தவர் எழுந்திருக்கப் பார்த்தபோது குத்துப்பட்டார். விழுந்தா தலையைப் பொத்திக்கிட்டு அப்படியே கிடக்கணும்னு அங்க ஓடுறவங்க எல்லாருக்கும் தெரியும். படம் பார்த்துட்டுப் போற நமக்குத் தெரியாது.

விசா பக்கம் இன்னும் போர். ஷெங்கன் விசாவுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப், ஆபீஸ் லீவ் லெட்டர். காப்பீடு எடுக்கும்போது அதுல எதுக்கெல்லாம் பணம் தரமாட்டோம்னு எழுதியிருக்குற பக்கத்தைப் படிங்க. தெரிஞ்சே ஆபத்துல போய் நிக்கிறவங்களுக்கு எல்லா பாலிசியும் பணம் தராது.

இவ்வளவையும் ஷீட்ல ஏத்திட்டு, பொங்கலுக்கு மதுரைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போனேன். மாமா ஜல்லிக்கட்டு மாடு வளர்க்கிறவர். நான் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச பையன். அவர் மாட்டோட பத்தடி தள்ளி நின்னு செல்ஃபி எடுத்ததுதான் எனக்கும் மாட்டுக்கும் உள்ள உறவு. பெருமையா பிளானைச் சொன்னேன். சிரிச்சார்.

"நம்ம செவலைக்கு ஒரு நாளாவது தண்ணி காட்டிருக்கியாடா மாப்ள? அங்க போய் எவன் மாட்டுக்கு முன்னாடியோ ஓடப் போறியா?"

அதோட விட்டிருந்தா நானும் சிரிச்சிருப்பேன். அடுத்து ஒண்ணு கேட்டார்: "சரி, ஓடி முடிஞ்சதும் மாடு எங்க போகும்?"

எனக்குத் தெரியல. விசா கட்டணம் தெரியும், ராக்கெட் எத்தனைன்னு தெரியும், தெருப் பேர் தெரியும். மாடு எங்க போகும்னு எங்க நாலு பேர்ல ஒருத்தன்கூடத் தேடிப் பார்க்கல.

அன்னிக்கு ராத்திரி பார்த்தேன். காலையில ஓடுற அந்த ஆறு காளையும் அன்னிக்கு சாயந்திரம் 6:30 மணிக்கு, கிட்டத்தட்ட 20,000 பேர் உட்கார்ற மைதானத்துல, ஒண்ணு பின்னாடி ஒண்ணா கொல்லப்படும். குதிரையில வர்றவர் ஈட்டியால குத்துவார், அப்புறம் முதுகுல கொக்கி வச்ச குச்சிகளைச் சொருகுவாங்க, கடைசியா மட்டாடோர் வாளோட வருவார். மூணு மட்டாடோர், ஆளுக்கு ரெண்டு காளை. எட்டு நாளைக்கு 48 காளை. இந்த ஓட்டமே அதுக்காக வந்ததுதான். மாடுகளைப் பட்டியில இருந்து மைதானத்துக்கு ஓட்டிப் போற வேலைதான் காலப்போக்குல விளையாட்டா மாறிச்சு. அதுக்கு அவங்க வச்சிருக்குற பேர் 'என்சியெர்ரோ'. அடைச்சு வைக்கிறதுன்னு அர்த்தம்.

நாம ரசிச்ச படத்துல சாயந்திரம் வராது.

இங்க நீங்க என்னை மடக்கலாம். "ஜல்லிக்கட்டு மட்டும் என்னவாம்?" நியாயமான கேள்வி. 2017 ஜனவரியில நான் ஏழாவது. மெரினாவுக்குப் போகல, ஆனா ஸ்கூல் வாசல்ல அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் சொன்ன வாதத்தையே நானும் சொன்னேன்: "எங்க காளை சாயந்திரம் வீட்டுக்குத் திரும்பிடும்." 2023-ல சுப்ரீம் கோர்ட்டும் தமிழ்நாட்டோட சட்டத் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. அதுக்காக ஜல்லிக்கட்டுல யாருக்கும் வலியே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆளும் சாகிறாங்க, மாடும் சாகுது. மாமாவே ஒரு மாட்டைப் பறிகொடுத்தவர்தான். ஆனா வீட்டுக்குத் திரும்புற மாடுன்னு சொல்லித்தான் நாம ஜெயிச்சோம். அந்த வாயாலயே, திரும்பாத ஆறு மாட்டுக்கு முன்னாடி ஓடிட்டு 'வாழ்க்கை அனுபவம்'னு ஸ்டேட்டஸ் போட முடியுமா? எனக்கு முடியல.

"அது அவங்க கலாச்சாரம், நாம யார் கேட்க?" இது எங்க குரூப்ல வந்த பதில். நமக்குப் புத்தி சொல்ல வந்தவங்க மேல நமக்குக் கோபம் வந்தது உண்மைதான். அதனால நானும் ஸ்பெயின்காரங்களுக்குப் புத்தி சொல்லப் போறதில்லை. அவங்களுக்குள்ளேயே அந்த வாதம் நடந்துக்கிட்டுதான் இருக்கு. கேனரி தீவுகள் 1991-லேயே காளைச் சண்டையைத் தடை பண்ணிட்டாங்க. கேட்டலோனியா 2010-ல தடை போட்டது, 2016-ல அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ரத்து பண்ணுச்சு. அவங்க சண்டையை அவங்க பார்த்துக்கட்டும். ஆனா டிக்கெட் என் பணம், ஓடுற கால் என்னோடது. அதைப் பத்தி நான் முடிவெடுக்கலாம் இல்லையா?

என் கருத்து இவ்வளவுதான். பாம்ப்லோனா போங்க. வெள்ளை டிரெஸ், சிவப்புத் துணி, பாட்டு, கூட்டம், எல்லாம் பாருங்க. முதல் நாள் ஓடாதீங்க. வேலிக்கு வெளியே நின்னு பாருங்க. அன்னிக்கு சாயந்திரமே மைதானத்துக்குப் போய், காலையில பார்த்த அதே காளையைக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறமும் மறுநாள் ஓடணும்னு தோணிச்சுன்னா ஓடுங்க. அது முழுசா தெரிஞ்சு எடுத்த முடிவு. உங்களோட சண்டை போட மாட்டேன். சாயந்திரத்தைப் பார்க்கத் தைரியம் இல்லைன்னா, காலையில ஓடுற தைரியத்தைப் பத்தி நீங்க பெருமையா பேசுறதுல அர்த்தமில்லை.

எங்க ஷீட்ல 'ஓடுறவங்க'ன்னு ஒரு காலம் இருக்கு. அதுல இருந்து என் பேரை எடுத்துட்டேன். ஒருத்தன் கோபத்துல ரெண்டு நாள் மெஸ்ல பக்கத்துல உட்காரல. இன்னொருத்தன் யோசிச்சுட்டு இருக்கான். மூணாவது ஆள், "நீ பயந்துட்ட மச்சி"ன்னான். பயமும் இருக்கு, மறைக்கல.

அடுத்த பொங்கலுக்கு முதல்ல செவலைக்குத் தண்ணி காட்டணும். மாமா பக்கத்துல நிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.