நோயாளியின் மொழியில் மருத்துவம் வேண்டும்



மகர்பட்டாவின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. ஹடப்சரில் பயிர் விளைந்த சுமார் 400 ஏக்கர் நிலத்தை, மகர் குடும்பங்களைச் சேர்ந்த விவசாயிகள் துண்டு துண்டாக விற்றுத் தொலைத்துவிடாமல், ஒன்றுசேர்ந்து, தாங்களே பங்குதாரர்களாகி ஒரு நகரமாக எழுப்பினார்கள். ஒற்றுமை இருந்தால் நிலத்தின் பலன் நிலத்துக்குரியவன் கைக்கே வரும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்த நகருக்குச் செங்கல் சுமந்தவர்களும், இன்று அதைக் கூட்டிப் பெருக்குகிறவர்களும், இரவெல்லாம் வாசலில் காவல் நிற்கிறவர்களும் பங்குதாரர்கள் அல்லர். கூலிக்கு உழைப்பவர்கள். அவர்களிடையே நம்மவர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கூலி முழுசாக வீடு போய்ச் சேருகிறதா என்பதே இம்மாதம் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம். சம்பள நாளன்று எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது, எத்தனை வீடுகளில் அழுகுரல் கேட்கிறது என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் புள்ளிவிவரம் காட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

குடியைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு நிலவுகிறது. ஒன்று, "அவன் கொழுப்பெடுத்துக் குடிக்கிறான், நாலு சாத்து சாத்தினால் திருந்துவான்" என்பது. மற்றொன்று, "குடிகாரன் திருந்தவே மாட்டான், அவள் தலையெழுத்து" என்பது. முதல் பேச்சு அடிக்கச் சொல்கிறது. இரண்டாவது கைகழுவச் சொல்கிறது. இரண்டுமே தவறு என்பதை விஞ்ஞானம் இன்று ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டியிருக்கிறது.

முதலில் நோயின் அளவைப் பார்ப்போம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுவதும் ஓர் ஆய்வு நடத்தி, 2019 பிப்ரவரியில் வெளியிட்டது. 10 வயது முதல் 75 வயது வரையிலான மக்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களுள் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மருத்துவ உதவியோ ஆலோசனையோ தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதோ ஒரு சிகிச்சையேனும் பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். வேறு எந்த நோய்க்காவது இப்படி 38 பேரில் 37 பேரைத் தெருவில் விட்டுவிட்டு ஒரு நாடு சும்மா இருக்குமா? காலராவுக்கு இருக்குமா?

சரி, இது நோய்தான் என்று எப்படிச் சொல்கிறோம்? மூளைக்குள் டோபமைன் என்றொரு ரசாயனம் சுரக்கிறது. இது இன்பத்தைத் தரும் பொருள் என்றே வெகுகாலம் எண்ணினார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ் என்பவரின் ஆராய்ச்சி இந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. ஒரு பொருள் பிடித்திருப்பது வேறு, அது வேண்டும் என்று மனம் பறப்பது வேறு. டோபமைன் பெரிதும் இரண்டாவதையே தூண்டுகிறது என்று அவர் காட்டினார். "குடித்தால் எனக்கு ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் கால் தானாகக் கடைக்குப் போகிறது" என்று நம் தோழர் ஒருவர் சொன்னால், அது பொய்யுமல்ல, சாக்குமல்ல. நோயின் தன்மையே அதுதான்.

அப்படியானால் மூளை கெட்டவன் கெட்டவன்தானா? அதுவும் இல்லை. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களில் பலர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். அவர்கள் நாடு திரும்பிய பின் என்ன ஆனார்கள் என்று லீ ராபின்ஸ் என்ற பெண் ஆய்வாளர் 1970களில் தேடித் தேடி விசாரித்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டுக்குள் மீண்டும் அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் இருந்தார்கள். அச்சமும் தனிமையும் நிறைந்த இடத்தில், மலிவாகக் கிடைத்த சரக்கால் பற்றிய நோய், வீடும் வேலையும் உறவும் இருந்த இடத்தில் பெரும்பாலோரை விட்டு நீங்கிவிட்டது.

இந்த ஆராய்ச்சியை நாம் நம் நிலைமையில் வைத்துத் திருப்பிப் படிக்க வேண்டும். அந்தச் சிப்பாய் போர்க்களத்திலிருந்து ஊருக்குப் போனான். நம் இளைஞனோ ஊரை விட்டு இங்கே வருகிறான். அம்மா இல்லை, அக்காள் இல்லை, கண்டிக்க மாமன் இல்லை. தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுக்கை, பன்னிரண்டு மணி நேர வேலை, புரியாத பாஷையில் மேஸ்திரியின் அதட்டல். பத்தடி தூரத்தில் கிடைக்கும் ஒரே ஆறுதல் பாட்டில் ஒன்றுதான். குடிக்கிறவனை மட்டும் பார்த்து, அவனைக் குடிக்க வைக்கும் வாழ்க்கையைப் பார்க்க மறுப்பது நியாயமாகாது.

இனி, சாராய வாசனையே இல்லாத ஒரு போதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். செல்போனில் சீட்டாடித் தோற்பதும் போதையே என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் சூதாட்ட நோயைக் குடி, கஞ்சா ஆகியவற்றோடு ஒரே பிரிவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், கட்டுக்கடங்காத விளையாட்டு மோகமும் ஒரு நோயாக இடம்பெற்றிருக்கிறது.

இதன் சூட்சுமம் என்ன? எதிர்பாராமல் கிடைக்கும் பரிசுக்கே மூளை அதிகமாகத் துள்ளுகிறது என்பதை வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி 1990களில் குரங்குகளைக் கொண்டு கண்டறிந்தார். ஒரு மயிரிழையில் தோற்றால்கூட, மூளை அதை ஜெயித்தது போலவே பாதி எடுத்துக்கொள்கிறது என்பதை 2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். "இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்திருந்தால்!" என்று பெருமூச்சு விடுகிறவன் அடுத்த ஆட்டத்துக்குப் பணம் கட்டுவது அதனால்தான். மனித மூளையின் இந்தப் பலவீனத்தில்தான் சூதாட்ட முதலாளி காசு பார்க்கிறான்.

தமிழ்நாட்டில் ரம்மியில் பணத்தை இழந்து தற்கொலை செய்துகொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்தபின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை ஒட்டிச் சட்டமன்றம் 2022இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் கடல்கடந்த சூதாட்டக் கம்பெனிகள் இன்றும் கள்ளத்தனமாகச் செல்போனுக்குள் நுழைகின்றன. சட்டம் கதவைச் சாத்தலாம். நோய் கண்டவனைச் சட்டம் குணப்படுத்தாது.

புனே நகரத்துக்கு வேறொரு ஆபத்தும் வந்து சேர்ந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் புனே போலீசார், சுமார் 3,500 கோடி ரூபாய் மதிப்புள்ள மெஃபெட்ரோன் என்ற போதைப் பொருளைப் பிடித்தார்கள். அதைத் தயாரித்த தொழிற்சாலை நம்மிடமிருந்து அதிக தூரமில்லை. சோலாப்பூர் சாலையில் உள்ள குர்கும்ப் தொழிற்பேட்டையில் இருந்தது. "எம்.டி." என்ற பெயரில் விற்கும் இந்தப் பொடி பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் சமாச்சாரம் என்று நாம் அலட்சியமாக இருக்கலாகாது.

அரசாங்கங்கள் என்ன செய்கின்றன? தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனையை 2003 முதல் டாஸ்மாக் மூலம் அரசே நடத்துகிறது. 2024-25ஆம் ஆண்டில் அதன் வழியாகக் கஜானாவுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். மகாராஷ்டிர அரசு 2025 ஜூனில் மதுவரியை உயர்த்தி, ஆண்டுக்கு 14,000 கோடி ரூபாய் கூடுதலாக வரும் என்று கணக்குச் சொன்னது. பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த மாநிலமும் நம் வியர்வையிலிருந்து இப்படி வரி எடுக்கின்றன. எடுக்கட்டும். அந்தப் பணத்தில் நோயாளிக்கு எவ்வளவு திரும்பி வருகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

"பூரண மதுவிலக்கு ஒன்றே தீர்வு" என்று நம் பெரியவர்கள் சிலர் சொல்வதை மதிக்கிறோம். கடை பக்கத்தில் இல்லாவிட்டால் குடி குறையும் என்பது உண்மைதான். ஆனால் சந்திரபூர் மாவட்டத்தில் 2015இல் கொண்டுவந்த மதுவிலக்கை 2021இல் அரசே விலக்கிக்கொண்டது. மலிவான கள்ளச்சாராயம் ஏழையை எப்படிக் கொல்கிறது என்பதற்கு 2015இல் மும்பை மால்வணியில் 100க்கு மேற்பட்டோரும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டோரும் மாண்டது சாட்சி. இந்த இரண்டு இடங்களிலும் கள்ளச்சாராயத்துக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் கூலி உழைப்பாளிகள். ஆகவே கடையை மூடுவதும், நோயைத் தீர்ப்பதும் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நோயைத் தீர்க்க வழி உண்டா? உண்டு, நம் நகரிலேயே உண்டு. 1980களில் புனே இளைஞர்களிடையே பிரவுன் சுகர் பரவியபோது, மராத்தி எழுத்தாளரும் மருத்துவருமான அனில் அவசட் அதைப் பற்றி எழுதினார். எழுத்தாளர் பு. ல. தேஷ்பாண்டே நிதி கொடுத்து உதவ, அனில் அவசட்டும் மனநல மருத்துவரான அவர் மனைவி சுனந்தாவும் 1986இல் எரவாடாவில் முக்தாங்கண் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே மீண்டிருக்கிறார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனையும் இப்படிப்பட்டதே.

ஆனால் இந்தச் சிகிச்சை எது? மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் பேச்சு. நோயாளி தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல வேண்டும்; பிறர் சொல்வதைக் கேட்க வேண்டும்; மனைவியோடும் பிள்ளைகளோடும் ஆலோசகர் பேச வேண்டும். மராத்தியும் இந்தியும் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கே தெரிந்த நம் தோழர், தன் தகப்பனைப் பற்றியும் தன் அவமானத்தைப் பற்றியும் எந்த மொழியில் பேசுவார்? எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட மொழி வேண்டாம். இந்த நோய்க்கு மொழியே மருந்து. தமிழில் பேச ஆள் இல்லாத இடத்தில் தமிழனுக்குப் பாதி மருத்துவம்தான் கிடைக்கும்.

இதற்குப் பெரிய டாக்டர்களைத் தேடி அலைய வேண்டுமா? கோவாவில் சங்கத் என்ற அமைப்பு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2017இல் லான்செட் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. டாக்டர் பட்டமில்லாத உள்ளூர் மனிதர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, அதிகமாகக் குடிக்கும் ஆண்களிடம் நான்கு முறை வரை பேசச் செய்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேர் குடியாமல் இருந்தார்கள். இப்படிப் பேசப்பட்டவர்களில் 42 பேர் குடியாமல் இருந்தார்கள். முற்றி அடிமையானவர்களுக்கு மருத்துவமனை தேவை. ஆனால் நோய் முற்றுமுன் தடுக்க, பயிற்சி பெற்ற பொறுமைசாலி ஒருவரின் நான்கு உரையாடல்களுக்கு இவ்வளவு வலிமை உண்டு.

தாய்மார்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நெடுங்காலம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். "கணவனுக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். குடியை நிறுத்தத் தரும் சில மருந்துகளின் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் வீழ்ந்து ஆள் சாய்ந்துவிடக்கூடும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியவை அவை.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. புனேயின் அரசு மருத்துவமனைகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் தமிழ் உள்ளிட்ட வெளிமாநிலத் தொழிலாளர் மொழிகளில் ஆலோசகர்களை நியமிக்க வேண்டும். மதுவருவாயில் ஒரு பங்கைச் சிகிச்சைக்கென்றே ஒதுக்க வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் கூலியை ரொக்கமாகக் குடும்பத் தலைவன் கையில் திணிக்காமல் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும்.

நாமே செய்ய வேண்டியதும் உண்டு. நம் பகுதியில் படித்த பெண்களும் ஆண்களுமாகப் பத்துப் பேர் முன்வந்தால், மையங்களில் பயிற்சி பெற்று, ஞாயிறுதோறும் தமிழில் ஆலோசனை நடத்தலாம். குடியை விட்டு மீண்ட தோழர்களே அதற்குச் சிறந்த ஆசிரியர்கள். இந்த மாநிலத்தில் மதுக்கடையை மூட மக்களே வாக்களிக்கும் "ஆட்வி பாட்லி" என்ற முறை இருக்கிறது. படுத்த பாட்டில் என்று பொருள். பெண்கள் ஒன்றுதிரண்டு பல கிராமங்களில் பாட்டிலைப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் வாக்கு ஊரில் கிடக்க, உடம்பு இங்கே உழைத்தால் அந்த வாக்குச்சாவடியில் நமக்கு என்ன இடம்? இங்கே நிலையாகக் குடியிருப்போர் இங்கேயே வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அவசரத்துக்கு அரசின் இலவச எண்கள் இரண்டு: போதை மீட்புக்கு 14446, மன ஆலோசனைக்கு, தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசும் டெலி மானஸ் 14416. இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சமையலறையில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளாமல், மறுநாள் காலையில் அந்தத் தோழரிடம் போய் நல்ல தமிழில் நாலு வார்த்தை பேசுங்கள். அந்த நேரத்தில் அவருக்குத் தெளிவும் இருக்கும். கேட்கும் மனமும் இருக்கும்.